மெனுவில் இருப்பது செயலி அல்ல

விண்டோஸ் 95 உருவாகிக்கொண்டிருந்த நாட்களில் அதன் ஆரம்ப வடிவத்தைச் சாதாரண ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். கணினியை இயக்கினார்கள், திரை வந்தது, அதோடு சரி. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இத்தனைக்கும் திரையில் ஒரு பட்டன் இருந்தது. அதற்கு ‘சிஸ்டம்’ என்று பெயர். அதை அழுத்தினால்தான் எல்லாம் ஆரம்பமாகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு குழுவில் யாரோ ஒருவர் அந்தப் பட்டனின் மேல் ‘ஸ்டார்ட்’ என்று எழுதலாம் என்றார். எழுதியதும் சோதனை முடிவுகள் தலைகீழாக மாறின. அந்தக் குழுவில் பணியாற்றிய ரேமண்ட் சென் என்ற பொறியாளர் பின்னாளில் பதிவுசெய்த தகவல் இது.

கணினியை அணைப்பதற்கு ஏன் ‘ஸ்டார்ட்’டை அழுத்த வேண்டும் என்ற பழைய கிண்டலுக்கும் அவர் பதில் வைத்திருக்கிறார். சோதனைக்கு வந்தவர்களிடம் கணினியை அணைக்கச் சொன்னபோது, அவர்கள் கை தானாகவே ஸ்டார்ட் பட்டனுக்குத்தான் போனதாம். போகிற இடத்திலேயே வைத்துவிட்டார்கள். இதைவிட நேர்மையான வடிவமைப்பு முறை இருக்க முடியுமா என்று தெரியவில்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்தபோது, ‘இங்கே அழுத்தித் தொடங்குங்கள்’ என்ற பொருளில் ஒரு வாசகம் கீழ்ப்பட்டையில் ஓடிவந்து அந்தப் பட்டனை அம்புக்குறியால் தொட்டது. அவ்வளவு சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய விண்டோஸ் 3.1-இல் ‘புரோகிராம் மேனேஜர்’ என்று ஒன்று இருந்தது. அதிலும் படங்கள் உண்டு, செயலிகளின் பெயர்கள் உண்டு. ஆனால் அவை சின்னச் சின்ன சாளரங்களுக்குள் அடைபட்டிருந்தன. ஒரு சாளரத்தின்மேல் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அடியில் போனது இருக்கிறது என்பதே புதியவருக்குத் தெரியாது. டபுள் கிளிக் என்பதும் அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. கற்றுக்குட்டிகளுக்கென்று தனியாக ஒரு முகப்பு செய்து பார்த்ததையும், பிறகு அதைக் கைவிட்டதையும் அந்தக் குழுவின் கென்ட் சலிவன் 1996-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார். கைவிட்டது சரிதான். எளிய முகப்பில் பழகியவர் என்றாவது ஒருநாள் பெரிய முகப்புக்கு வந்துதானே ஆக வேண்டும்? வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவின் காப்புரிமையில் இடம்பெற்றிருக்கும் பெயர் டேனி ஓரன். அவர் படித்தது நடத்தை உளவியல் என்பது இங்கே பொருத்தமான செய்தி.

ஏனென்றால் மெனு என்பது அடிப்படையில் ஓர் உளவியல் கருவி. கட்டளைகளைத் தட்டச்சு செய்த காலத்தில் திரையில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். என்ன சொல்ல வேண்டும் என்பதை நாம்தான் நினைவிலிருந்து எடுத்துத் தர வேண்டும். நினைவிலிருந்து எடுத்துத் தருவதும், கண்முன் இருப்பதைப் பார்த்து ‘இதுதான்’ என்று அடையாளம் காண்பதும் மூளைக்கு ஒரே அளவு சுமையுள்ள வேலைகள் அல்ல. இரண்டாவது மிக எளிது. முகத்தைப் பார்த்ததும் ஆள் தெரிந்துவிடுகிறது, பெயர்தான் வர மாட்டேன் என்கிறது. மெனு அந்த இரண்டாவது திறனை நம்பிக் கட்டப்பட்டது. ‘இங்கே என்னவெல்லாம் செய்யலாம்?’ என்ற கேள்விக்குக் கேட்காமலே பதில் சொல்லி வைக்கிறது.

அந்தப் பதிலை யார் எழுதியது? இதைத் தெரிந்துகொண்டால் மெனுவில் வழி தவறுவதில் பாதி குறைந்துவிடும்.

முதல் விஷயம், மெனுவுக்குள் செயலி எதுவும் இல்லை. இருப்பவை நூலகத்தின் பட்டியல் அட்டைகளைப் போன்ற குறிப்புகள். அட்டையில் நூலின் பெயரும் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் எழுதியிருக்கும், நூல் வேறெங்கோ இருக்கும். அட்டையைக் கிழித்தால் நூல் அழிவதில்லை. நூலைத் தூக்கிவிட்டால் அட்டை ஏமாற்றும். மெனுவில் ஒரு பெயரை நீக்கிவிட்டு, அந்த மென்பொருளையே கணினியிலிருந்து அகற்றிவிட்டதாக நிம்மதியடைபவர்கள் இன்றும் உண்டு. அது வட்டில் அப்படியே இருக்கும்.

விண்டோஸில் இந்த அட்டைகளுக்கு ஷார்ட்கட் என்று பெயர். ஸ்டார்ட் மெனு என்பது இரண்டு ஃபோல்டர்களை ஒன்றாகக் கலந்து காட்டும் ஒரு காட்சி. ஒன்று அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவானது, மற்றது உங்களுக்கு மட்டுமானது. புதிதாக ஒன்றை நிறுவும்போது ‘எல்லோருக்குமா, உங்களுக்கு மட்டுமா’ என்று கேட்பதன் பின்னணியில் இதுவும் உண்டு. வீட்டில் ஒரே கணினியில் அப்பாவின் கணக்கில் தெரியும் செயலி மகளின் கணக்கில் தெரியவில்லை என்றால், அட்டை எந்தப் பெட்டியில் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

லினக்ஸில் இந்த ஏற்பாடு இன்னும் வெளிப்படையானது. எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. லினக்ஸில் திரை முகப்பையும் மெனுவையும் தரும் மென்பொருளுக்கு மேசைச்சூழல் என்று பெயர். ஒரு காலத்தில் நோம், கேடிஇ ஆகிய இரண்டு பெரிய மேசைச்சூழல்களும் ஆளுக்கொரு பாணியில் மெனு வைத்திருந்தன. ஒன்றுக்கென்று எழுதிய செயலி மற்றதன் மெனுவில் தலைகாட்டாமல் போகும். இந்தச் சண்டையைத் தீர்க்க 2000-இல் ஹாவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொது முயற்சியில், எல்லோருக்கும் பொதுவான ஓர் அட்டை வடிவம் உருவானது. ‘டெஸ்க்டாப் என்ட்ரி’ என்று அதற்குப் பெயர். வெறும் எழுத்துக் கோப்பு. எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். ஒரு வரியில் செயலியின் பெயர், அடுத்ததில் ஒரு வாக்கிய விளக்கம், பிறகு இயக்க வேண்டிய கட்டளை, சின்னத்தின் பெயர், கடைசியில் எந்தெந்த வகையைச் சேர்ந்தது என்ற பட்டியல். கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

சில விந்தையான வரிகளும் உண்டு. ‘காட்டாதே’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அட்டை இருக்கும், மெனுவில் தெரியாது. ஒரு ஃபைலை வலது கிளிக் செய்து ‘எதில் திறக்கலாம்’ என்று கேட்கும் இடத்தில் மட்டும் உதவும் செயலிகள் இப்படி ஒளிந்திருக்கும். இன்னொரு வரி, செயலி உண்மையிலேயே வட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லும். இல்லையென்றால் அட்டையையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏமாற்றும் அட்டைக்கு மருந்து இது. வேறொரு வரி, குறிப்பிட்ட மேசைச்சூழலில் மட்டும் தெரிந்தால் போதும் என்று கட்டுப்படுத்தும். ஒரு சூழலில் பார்த்த அமைப்பு மெனு இன்னொன்றில் காணாமல் போவதற்கு இந்த ஒற்றை வரி காரணமாக இருக்கலாம்.

மெனுவைக் காட்டும் மென்பொருள் இந்தக் கோப்புகளையெல்லாம் படித்து, வகைவாரியாகப் பிரித்து அடுக்குகிறது. எனவே ‘விளையாட்டுகள்’ என்ற தலைப்பு உங்கள் மெனுவில் இல்லையென்றால் யாரும் அதை நீக்கியதாக அர்த்தமில்லை. விளையாட்டு எதுவும் நிறுவப்படவில்லை, அவ்வளவே. ஒன்றை நிறுவிப் பாருங்கள், தலைப்பு தானாக முளைக்கும்.

வகைகளின் பட்டியல் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒலி-ஒளி, நிரலாக்கம், கல்வி, விளையாட்டு, வரைகலை, இணையம், அலுவலகம், அறிவியல், அமைப்புகள், சிஸ்டம், துணைக்கருவிகள். ‘அறிவியல்’ பின்னாளில் பதவி உயர்வு பெற்று வந்தது, முதலில் அது கல்வியின் கீழ் ஓர் உட்பிரிவாக இருந்தது. எந்த வகையிலும் சேராத அட்டைகளை என்ன செய்வது? பல சூழல்கள் ‘மற்றவை’ என்று ஒரு மூலையில் போடுகின்றன. கேடிஇ அதற்கு ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்று பெயர் வைத்தது. ரயில் நிலையத்தில் தொலைந்த குடைகளை வைக்கும் அறையின் பெயரை மெனுவில் வைக்கத் தோன்றியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இந்த வகைகளில் மக்கள் அதிகம் தடுமாறுவது கடைசி மூன்றில்தான். அமைப்புகள், சிஸ்டம், துணைக்கருவிகள் மூன்றும் ஏதோ ஒரே மாதிரி ஒலிக்கின்றன. தேடும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். நான் கணினியின் பழக்கத்தை மாற்றப் போகிறேனா? திரையின் வெளிச்சம், விசைப்பலகையின் மொழி, பின்னணிப் படம் எல்லாம் அமைப்புகளில் இருக்கும். கணினியின் உடல்நிலையைப் பார்க்கப் போகிறேனா? எந்த நிரல் நினைவகத்தை விழுங்குகிறது, வட்டில் இடம் எவ்வளவு, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்பவை சிஸ்டத்தில். இரண்டும் இல்லை, சின்ன வேலை ஒன்று ஆக வேண்டும் என்றால் துணைக்கருவிகள். கால்குலேட்டர், உரைத்தொகுப்பி, திரையைப் படம் பிடிக்கும் கருவி அங்கே இருக்கும். எல்லைகள் கறாரானவை அல்ல. அட்டையை எழுதியவரின் தீர்ப்பு அது.

லிப்ரெஆபீஸின் ‘டிரா’வை எடுத்துக்கொள்வோம். படம் வரையும் செயலி, ஆனால் அலுவலகத் தொகுப்பின் உறுப்பினர். அதன் அட்டையில் அலுவலகம், வரைகலை என்று இரண்டு வகையும் எழுதப்பட்டிருக்கிறது. எனவே பல மெனுக்களில் இரண்டு இடத்திலும் தெரியும். அதே தொகுப்பின் ‘மேத்’ அலுவலகத்தோடு கல்விக்கும் அறிவியலுக்கும் உரிமை கோருகிறது. நூல் ஓர் அலமாரியில்தான் நிற்க முடியும். அட்டையை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம்.

விண்டோஸின் பழைய மெனு வேறு வழியில் போனது. அங்கே பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில் ஃபோல்டர். படத்தைத் திருத்த வேண்டும் என்றால், அந்தச் செயலியைத் தயாரித்தவர் யார் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். பயனருக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. தன் பெயர் தினமும் வாடிக்கையாளர் கண்ணில் படுகிறதே என்ற திருப்தி நிறுவனத்துக்குத்தான். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குத் தரப்பட்ட கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே இயந்திரத்தில் இரண்டு மெனுக்கள். ஒன்று ‘யார் செய்தது’ என்று கேட்டது, மற்றது ‘எதற்குப் பயன்படும்’ என்று கேட்டது. இரண்டையும் திறந்து பார்த்த பிள்ளைகளுக்கு வகைப்பாடு என்றால் என்ன என்பதற்கு வேறு பாடம் தேவைப்பட்டிருக்காது.

வகைப்படுத்தியாயிற்று. எத்தனை அடுக்கு வைப்பது? இதற்கு ஆய்வகத்தில் விடை தேடியவர்கள் உண்டு. 1981-இல் டுவைட் மில்லர் 64 சொற்களை நான்கு விதமாக மெனுவாக்கினார். ஒவ்வொரு திரையிலும் இரண்டு தேர்வு வீதம் ஆறு அடுக்கு. நான்கு வீதம் மூன்று அடுக்கு. எட்டு வீதம் இரண்டு அடுக்கு. 64-ஐயும் ஒரே திரையில் கொட்டிவிடுவது. வென்றது எட்டு வீதம் இரண்டு அடுக்கு. 1985-இல் லாண்டாவரும் நாக்பாரும் 4,096 உறுப்புகளை வைத்து, திரைக்கு 2, 4, 8, 16 தேர்வுகள் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அகலம் கூடக்கூட நேரம் குறைந்தது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், அதுவும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, தலைப்பை மட்டும் நம்பி. ‘துணைக்கருவிகள்’ என்ற தலைப்புக்குள் நான் தேடுவது இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் திரும்பி வர வேண்டும். அடுக்கு கூடினால் ஊகங்களும் கூடும், தவறுகளும் பெருகும். பத்துப் பன்னிரண்டு வகைகள், ஒவ்வொன்றிலும் ஏழெட்டுச் செயலிகள் என்று இரண்டே அடுக்கில் நிற்கும் லினக்ஸ் மெனு, தெரிந்தோ தெரியாமலோ நல்ல இடத்தில் நின்றிருக்கிறது.

இங்கே ஒரு பொய்க் கோட்பாட்டையும் கழித்துக்கட்ட வேண்டும். ‘மனித மூளை ஏழு விஷயங்களைத்தான் தாங்கும், எனவே மெனுவில் ஏழுக்கு மேல் கூடாது’ என்று வடிவமைப்பு வகுப்புகளில் சொல்வார்கள். ஜார்ஜ் மில்லரின் 1956 ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சான்று காட்டுவார்கள். ஆனால் மில்லர் அதில் நினைவைப் பற்றிய பகுதியில் பேசியது, கேட்டதைச் சிறிது நேரம் மனத்தில் வைத்திருக்கும் அளவைப் பற்றி. மெனு கண்முன்னால் விரிந்து கிடக்கிறது. மனப்பாடம் செய்ய யாரும் கேட்கவில்லையே!

மெனுவைக் கண் படிப்பதற்கு முன் கை அதை எட்ட வேண்டும். 1954-இல், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, ஒரு கோலால் இதையும் அதையும் மாற்றி மாற்றித் தட்டச் சொன்னார். தகடுகளின் இடைவெளியையும் அகலத்தையும் மாற்றிப் பார்த்ததில் ஒரு விதி கிடைத்தது. ஓர் இலக்கை எட்டும் நேரம், தூரத்தை இலக்கின் அகலத்தால் வகுத்து வரும் எண்ணின் மடக்கையைப் பொறுத்தது. தூரம் இரட்டிப்பானாலும், அகலம் பாதியானாலும் சிரமம் ஒரே அளவு கூடும். ஃபிட்ஸ் 1965-இல் இறந்துவிட்டார். டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை மேடையேற்றிக் காட்டியது 1968 டிசம்பரில். 1978-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கார்ட், இங்லிஷ், பர் மூவரும் மவுஸை அளந்து பார்த்தபோது, ஃபிட்ஸின் தகடுகளுக்குப் பொருந்திய விதி மவுஸுக்கும் பொருந்தியது.

இந்த விதியில்தான் மூலையின் ரகசியம் இருக்கிறது. கர்சர் திரையின் விளிம்பைத் தாண்டிப் போக முடியாது. மவுஸை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் விளிம்பில் போய் முட்டி நிற்கும். எனவே மூலையில் இருக்கும் பட்டன் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்தாலும், கைக்கு அதன் அகலமும் உயரமும் எல்லையற்றவை. குறிபார்க்க வேண்டாம், வீசினால் போதும். ஸ்டார்ட் பட்டன் இடது கீழ் மூலையில் வந்து உட்கார்ந்தது இதனால் மிகச் சரியான முடிவு. ஆனால் விண்டோஸ் 95-இல் அந்தப் பட்டனுக்கும் திரை விளிம்புக்கும் நடுவே ஓரிரு புள்ளிகள் இடைவெளி விட்டுவிட்டார்கள். மூலைக்கே போய் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. எல்லையற்ற இலக்கை இரண்டு புள்ளிகளால் கோட்டைவிட்ட கதை. பிந்தைய பதிப்புகளில் சரிசெய்தார்கள்.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அந்தப் பட்டனைக் கீழ்ப்பட்டையின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோனது. மூலை போயிற்று. அதைவிட மோசம், சின்னங்கள் எல்லாம் சேர்ந்து நடுவில் நிற்பதால், செயலிகள் திறக்கத் திறக்க ஸ்டார்ட் பட்டன் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்கிறது. அழகாக இருக்கிறது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கைக்கு இது நட்டம். அமைப்புகளில் போய் இடப்பக்கம் மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள், நல்லவேளை.

மூலையைவிட விரைவாக எட்டக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். கர்சர் இப்போது நிற்கும் இடம். தூரமே இல்லை. வலது கிளிக் மெனுவின் பலம் அது. எக்ஸ்எஃப்சிஇ போன்ற சூழல்களில் வெற்றுத் திரையில் வலது கிளிக் செய்தாலே முழுச் செயலி மெனுவும் அங்கே விரியும்.

இன்னொரு சிக்கல், பக்கவாட்டில் விரியும் துணைமெனு. ‘அலுவலகம்’ என்பதன்மேல் கர்சரை வைத்தால் வலப்பக்கம் ஒரு பட்டியல் திறக்கிறது. அதன் கடைசி உறுப்பு கீழே இருக்கிறது. கை இயல்பாகவே குறுக்காகப் போகும். அப்படிப் போகும் வழியில் ‘இணையம்’ குறுக்கிடும், திறந்த பட்டியல் மூடி வேறொன்று திறந்துவிடும். ஆப்பிளில் புரூஸ் டாக்னாசினி இதற்குக் கண்ட தீர்வு, கர்சரிலிருந்து துணைமெனுவை நோக்கி விரியும் ஒரு ‘வி’ வடிவப் பகுதி. அதற்குள் நகர்ந்தால் மெனு மாறாது. விண்டோஸ் எளிய வழியைத் தேர்ந்தது, கொஞ்சம் தாமதம். இயல்பான அளவு 400 மில்லிவிநாடி. மெனு சற்றே சோம்பலாகத் திறப்பதாகத் தோன்றுவது இதனால்தான். அந்த எண்ணைப் பூஜ்யமாக்கினால் கணினி வேகமாகிவிடும் என்று குறிப்புகள் உலவுகின்றன. மெனு வேகமாகும், குறுக்கே போகும் கையோ தடுமாறும்.

இனி, பட்டியலின் வரிசை. அகரவரிசை நியாயமாகத் தோன்றும். ஆனால் பெஞ்சமின் சோம்பர்க் 1987-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழகியபின் எல்லாவற்றையும் வென்றது ‘எது எங்கே இருந்ததோ அங்கேயே இருப்பது’ என்ற ஏற்பாடு. கை இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. 1989-இல் மிட்செலும் ஷ்னைடர்மனும் அடிக்கடி எடுப்பதைத் தானாக மேலே ஏற்றும் மெனுவைச் சோதித்தார்கள், பெரும்பாலானோர் அசையாத மெனுவையே விரும்பினார்கள். இவ்வளவு தெரிந்தும், 2000 வாக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகம் பயன்படுத்தாதவற்றை மடித்து ஒளித்துவைக்கும் மெனுக்களைக் கொண்டுவந்தது. நேற்று இருந்தது இன்று இல்லை. எனக்குத் தெரிந்து யாரும் அதை நினைத்து ஏங்குவதில்லை.

நல்ல சமரசம் 1994-இல் சியர்ஸும் ஷ்னைடர்மனும் முன்வைத்தது. அடிக்கடி வேண்டிய சிலவற்றை மட்டும் மேலே தனியாக வை, மற்றவற்றின் வரிசையைத் தொடாதே. 2001-இன் விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட் மெனுவின் இடப்பக்கம் இந்த யோசனையின் உறவினர்தான். எது அடிக்கடி என்று எப்படித் தெரியும்? நீங்கள் எதை எத்தனை முறை திறந்தீர்கள் என்று விண்டோஸ் தன் பதிவேட்டில் எண்ணிக்கொண்டே வருகிறது. செயலிகளின் பெயரை ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளி எழுதும் விளையாட்டுச் சங்கேதத்தில் எழுதி வைக்கிறது. பூட்டு என்றே சொல்ல முடியாத பூட்டு. கணினித் தடயவியல் ஆய்வாளர்கள் முதலில் புரட்டும் ஏடுகளில் இதுவும் ஒன்று.

மெனுவைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு அகரவரிசையிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. தேவநாகரிக்கு இணையாக அடுக்கிய பழைய இந்தியக் குறியீட்டின் சாயலில், ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற என்று வைத்துவிட்டார்கள். குறியீட்டு எண்ணை மட்டும் நம்பி அடுக்கினால் ‘கற்றல்’ முன்னால் வந்து ‘கல்வி’ பின்னால் போகும். தமிழ் அகராதியில் ல முந்தி, ற கடைசிக்கு முந்தியது. ஒவ்வொரு மொழிக்கும் தனி வரிசை அட்டவணை உண்டு, நன்றாக எழுதிய மென்பொருள் அதைக் கேட்டுத்தான் அடுக்கும். கேட்காத மென்பொருளில், இருக்க வேண்டிய இடத்தில் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று நகர்ந்துவிடுவோம்.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது. மூலையைத் தொட்டால் ரகசியமாக ஏதோ வரும். கணினியை அணைப்பது எப்படி என்று கேட்டு அலைந்தவர்கள் ஏராளம். ஓராண்டில் பட்டன் திரும்பியது, 2015-இல் விண்டோஸ் 10-உடன் மெனுவும் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத கதவை யாரும் தேட மாட்டார்கள் என்று ‘சிஸ்டம்’ பட்டன் காலத்திலேயே கண்டுபிடித்த நிறுவனம்தான் இதைச் செய்தது!

இப்போது பலரும் மெனுவில் நடப்பதே இல்லை. விண்டோஸ் விசையைத் தட்டி, இரண்டெழுத்து எழுதி, என்டர். 1994-இல் மைக்ரோசாஃப்டின் வளைந்த விசைப்பலகையோடு வந்த அந்த விசையை லினக்ஸ்காரர்கள் ‘சூப்பர்’ என்பார்கள். மெனுவுக்குள் தேடல் பெட்டி 2007-இல் விஸ்டாவோடு பரவலானது. நினைவிலிருந்து எடுத்துத் தரும் பழைய கட்டளை முறைதான் வேறு உடையில் திரும்பியிருக்கிறது. வித்தியாசம், பாதி நினைவு போதும். அதற்கும் அட்டைதான் உதவுகிறது. தேடல் செயலியின் பெயரோடு நிற்காமல், விளக்கத்தையும் குறிச்சொற்களையும் பார்க்கிறது. ‘பிரவுசர்’ என்று எழுதினால் ஃபயர்ஃபாக்ஸ் வருவது இப்படித்தான். ஆனால் இருப்பதே தெரியாத ஒன்றை எந்தப் பெயரில் தேடுவது? புதுக் கணினி கைக்கு வந்ததும் ஒருமுறை மெனுவின் எல்லாத் தலைப்புகளையும் திறந்து மேய்ந்துவிடுவது நல்லது. அரைமணி நேரம் ஆகாது. பலர் பணம் கொடுத்து வாங்க நினைத்த கருவி அங்கேயே இருக்கும்.

அட்டை எழுத்துக் கோப்புதான் என்று தெரிந்துவிட்டதால், நாமே எழுதலாம். லினக்ஸில் உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ‘லோக்கல்’, அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்ஸ்’. கணினியின் பொது அட்டை ஒன்றை அதே கோப்புப் பெயரில் இங்கே நகலெடுத்து வைத்தால், மெனு பொதுவானதை விட்டுவிட்டு உங்களுடையதைக் காட்டும். நகலில் வகையை மாற்றலாம், காட்டாதே என்று எழுதலாம். பெயர் வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மொழிக்கான ஈரெழுத்துக் குறியோடு இன்னொரு பெயர் வரி எழுதலாம், தமிழுக்கு ‘டிஏ’. மெனுவில் செயலிகள் தமிழில் தெரிவது இந்த ஒரு வரியால்தான். உங்கள் கணினியில் ஏதாவது ஒரு செயலி மட்டும் ஆங்கிலத்தில் துருத்திக்கொண்டு நின்றால், அதன் அட்டையைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அந்த வரி இருக்காது. நகலில் நீங்கள் எழுதிச் சேமித்தால் உங்கள் மெனு மட்டும் மாறும். செயலியின் மொழிபெயர்ப்புக் குழுவுக்கு அனுப்பினால், அவர்கள் ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில் அடுத்த பதிப்பில் எல்லோருடைய மெனுவிலும் வந்துவிடும்.